மும்பை கோஸ்டல் ரோடு: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சயானில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். முன்பெல்லாம் திருநெல்வேலிப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கேட்வே, ஜூஹு பீச், சித்தி விநாயகர் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். இப்போது ரயிலை விட்டு இறங்கியதுமே "மாமா, அந்தக் கடலுக்குள்ள போட்ட ரோட்டுல ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்கிறான் மருமகன். போகிற வழியெல்லாம் கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பொறியாளன் இல்லை. இந்த ஊர் டிராஃபிக்கில் பாதி வயதைத் தொலைத்தவன், அவ்வளவுதான்.

முதலில், இது எங்கிருந்து எங்கே போகிறது?

மரீன் டிரைவில், மரீன் லைன்ஸ் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் பிரின்சஸ் ஸ்ட்ரீட் மேம்பாலத்துக்கு அருகே தொடங்குகிறது. சற்றுத் தூரத்திலேயே பூமிக்குள் இறங்கி, கிர்காவ் சௌபாட்டி, மலபார் ஹில் இரண்டுக்கும் அடியில் போய், பிரியதர்ஷினி பார்க்கில் தலை தூக்குகிறது. அப்புறம் கடலோரமாகவே பிரீச் கேண்டி, ஹாஜி அலி, வோர்லி. வோர்லி முனையில் பாந்த்ரா–வோர்லி சீ லிங்க் என்ற கடல் பாலத்தோடு சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 10.58 கிலோமீட்டர். போக நான்கு, வர நான்கு என்று எட்டு வழித்தடம். சுரங்கத்துக்குள் மட்டும் பக்கத்துக்கு மூன்று. நடுவில் அமர்சன்ஸ் கார்டன், ஹாஜி அலி, வோர்லி ஆகிய இடங்களில் ஏறலாம், இறங்கலாம்.

அரசாங்கப் பெயர் நீளமானது: தர்மவீர் ஸ்வராஜ்யரக்ஷக் சத்ரபதி சம்பாஜி மகாராஜ் மும்பை கோஸ்டல் ரோடு. டாக்சிக்காரரிடம் "கோஸ்டல்" என்றால் போதும்.

இது கடல் மேல் கட்டிய பாலமா, கடலைத் தூர்த்துப் போட்ட ரோடா?

இரண்டும் உண்டு, சுரங்கமும் உண்டு. பெரும்பகுதி, கல்லையும் மண்ணையும் கொட்டிக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அப்படி எடுத்தது 111 ஹெக்டேர், அதாவது 270 ஏக்கருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தரக் குளத்து ஆயக்கட்டு மொத்தத்தையும் கடலுக்குள் விரித்த மாதிரி. ஏறி இறங்கும் இடங்களிலும் சீ லிங்க்கைத் தொடும் இடத்திலும் பாலங்கள். இந்தப் பாலங்களில் ஒரு விசேஷம்: வழக்கமாக ஒரு தூணுக்குக் கீழே நான்கைந்து கடைகால்களைக் குத்தாக இறக்கி, மேலே ஒரு மேடை போட்டு, அதன் மேல்தான் தூணை நிறுத்துவார்கள். இங்கே ஒரு தூணுக்கு ஒரே ஒரு பெரிய கடைகால். கடல் தரையைக் கிளறும் இடம் குறையும் என்பதற்காகச் செய்தது.

அப்படி என்ன நெருக்கடி? ஏற்கெனவே ரோடு இல்லையா?

மும்பை வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். கை விரல் மாதிரி தெற்கே நீண்டு கிடக்கிற ஊர். மூன்று பக்கமும் தண்ணீர். ஹைகோர்ட், தலைமைச் செயலகம், பழைய வங்கிகள், கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் எல்லாம் விரல் நுனியில். ஆட்கள் குடியிருப்பது வடக்கே, அந்தேரி, போரிவலி, அதற்கும் மேலே. காலையில் எல்லாரும் தெற்கே, மாலையில் எல்லாரும் வடக்கே. இங்கே தென் மும்பையை இன்றைக்கும் "டவுன்" என்றுதான் சொல்வார்கள்.

மேற்குப் பக்கத்தில் காரில் டவுனுக்குப் போக இருந்தது ஒரே ஒரு சங்கிலி: வோர்லி நாக்கா, ஹாஜி அலி, பெடர் ரோடு, கெம்ப்ஸ் கார்னர், சௌபாட்டி, மரீன் டிரைவ். இதில் ஒரு கண்ணி நின்றால் எல்லாம் நிற்கும். 2009-ல் சீ லிங்க் திறந்தபோது பாந்த்ராவிலிருந்து வோர்லிக்குப் பறந்து வந்தார்கள். வந்து, வோர்லியில் வரிசையில் நின்றார்கள். அகலமான குழாயைக் கொண்டுபோய் மெல்லிய குழாயில் சொருகினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கோஸ்டல் ரோடு அந்த மெல்லிய குழாய்க்குப் பக்கத்தில் போட்ட இன்னொரு குழாய்.

திடீரென்று வந்த யோசனையா?

இல்லை, என்னைவிட வயதான யோசனை. 1960-களில் வில்பர் ஸ்மித் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் நகரத்துப் போக்குவரத்தை ஆராய்ந்து, மேற்குக் கரையோரம் ஒரு விரைவுச்சாலை வேண்டும் என்று சொன்னது. ஃபைல் தூங்கியது. அதன் பிறகு வெவ்வேறு பெயர்களில் பல திட்டங்கள் வந்தன. பெடர் ரோட்டுக்கு மேலே மேம்பாலம் என்றார்கள். அந்த ரோட்டில் குடியிருந்த லதா மங்கேஷ்கரும் ஆஷா போஸ்லேயும் உட்படப் பலர் எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. சீ லிங்க்கையே தெற்கே நீட்டிக்கலாம் என்றார்கள். 2011-ல் பிரித்விராஜ் சவாண் முதல்வராக இருந்தபோது கடலுக்குள் பாலத்துக்குப் பதில் கரையோரம் சாலை என்ற எண்ணம் உருவம் எடுத்தது.

ஆனால் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி சாலைக்காகக் கடலைத் தூர்க்க அன்று அனுமதி கிடையாது. 2015 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, விதிவிலக்கான சூழ்நிலையில் சாலைக்காகத் தூர்க்கலாம் என்றது. 2017-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. 2018 அக்டோபரில் வேலை ஆரம்பம், டிசம்பரில் பூமி பூஜை. கட்டியது மாநில அரசு இல்லை, மும்பை மாநகராட்சி. ஒரு மாநகராட்சி தன் கையிருப்பிலிருந்து இப்படி ஒரு வேலையை எடுத்துச் செய்வது மற்ற ஊர்க்காரர்களுக்குக் கதை மாதிரி இருக்கும். இந்த ஊர் மாநகராட்சியின் வைப்பு நிதி அப்படி.

சுரங்கத்தை எப்படித் தோண்டினார்கள்? மேலே வீடுகள் இருக்கின்றனவே?

எனக்கு இந்தத் திட்டத்திலேயே பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலபார் ஹில் நாட்டிலேயே மிக விலை உயர்ந்த குன்றுகளில் ஒன்று. ஆளுநர் மாளிகை, முதல்வர் பங்களா எல்லாம் அதன் மேல். வெடி வைத்து உடைக்கிற பேச்சுக்கே இடமில்லை. எனவே ஒரு இயந்திரத்தை இறக்கினார்கள். சீனாவில் செய்தது, 12.19 மீட்டர் விட்டம், கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம். அதுவரை இந்தியாவில் சாலைச் சுரங்கத்துக்கு இத்தனை பெரிய இயந்திரம் வந்ததில்லை. பெயர் "மாவளா". சிவாஜியின் மலைப் போர்வீரர்களை அப்படித்தான் சொல்வார்கள். முன்னால் வட்டமான பெரிய வெட்டுத் தலை சுழன்று பாறையைத் தேய்த்துக்கொண்டே போகும். பின்னாலேயே, முன்கூட்டி வார்த்த கான்கிரீட் துண்டுகளை வளையமாக அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டு வருவார்கள். அந்த வளையத்தில் காலை ஊன்றித்தான் இயந்திரம் அடுத்த அடி எடுத்து வைக்கும். தான் போட்ட சுவரையே உதைத்துக்கொண்டு முன்னே போகிற பூதம் என்று மருமகனுக்குச் சொன்னேன், புரிந்துவிட்டது.

பாகங்கள் வந்து சேர வேண்டிய 2020-ல்தான் ஊரடங்கும் வந்தது. ஒருவழியாக 2021 ஜனவரியில் பிரியதர்ஷினி பார்க் பக்கமிருந்து தோண்ட ஆரம்பித்தார்கள். சரியாக ஒரு வருடம். 2022 ஜனவரி 10 அன்று கிர்காவ் பக்கம் வெளியே வந்தது. அங்கேயே இயந்திரத்தை அப்படியே திருப்பி, இரண்டாவது சுரங்கத்தைத் திரும்பி வரும் வழியில் தோண்டினார்கள். 2023 மே 30 அன்று அதுவும் முடிந்தது. ஒவ்வொன்றும் 2.07 கிலோமீட்டர். குன்றுக்கு அடியில் போகும்போது சில இடங்களில் 70 மீட்டர் ஆழம். மேலே ஒரு குடும்பம் காபி குடித்துக்கொண்டிருக்க, இருபது மாடிக்கும் கீழே நாம் காரில் போய்க்கொண்டிருக்கிறோம்.

உள்ளே போகும்போது கூரையைப் பாருங்கள். வரிசையாகத் தொங்கும் மின்விசிறிகள் இருக்காது. சக்கார்டோ என்ற முறையில், சுரங்க வாயில் பக்கத்திலிருந்தே பெரிய காற்று வீச்சை உள்ளே செலுத்திப் புகையைத் தள்ளுகிறார்கள். இந்தியாவில் இங்கேதான் முதலில் வைத்தார்கள்.

திறந்த உடனேயே தண்ணீர் கசிந்ததாமே?

ஆமாம். 2024 மார்ச்சில் முதல் பகுதி திறந்தது, மே மாதமே சுரங்கச் சுவரில் இணைப்பு இடைவெளிகள் சிலவற்றில் ஈரம் தெரிந்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. முதல்வர் வந்து பார்த்தார். அந்த இடைவெளிகளில் பாலிமர் கலவையை அழுத்தி ஏற்றி அடைத்தார்கள். பூமிக்கடியில் கசிவே இல்லாத சுரங்கம் அபூர்வம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இத்தனை கோடி செலவழித்த சுரங்கத்தில் மழைக்கு முன்பே ஈரம் தெரிந்தால் ஜனங்கள் பேசத்தான் செய்வார்கள்.

கோர்ட்டில் நின்றுபோன திட்டம்தானே இது?

2019 ஜூலை 16 அன்று பாம்பே ஹைகோர்ட் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியை ரத்து செய்தது. முறையான சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் இறங்கியது தவறு என்பது தீர்ப்பின் சாரம். ஐந்து மாதம் வேலை நின்றது. டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்து, சாலை வேலையை மட்டும் தொடரலாம் என்றது. தூர்த்த நிலத்தில் வீடோ கடையோ கட்டக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. "இவ்வளவு நிலம் எடுத்திருக்கிறார்களே, நாளைக்கு அபார்ட்மென்ட் வந்துவிடாதா" என்று கேட்கிறவர்களுக்கு, காகிதத்தில் பதில் அதுதான். 70 ஹெக்டேர் பசுமை வெளி என்பது வாக்குறுதி.

மீனவர்கள் என்ன ஆனார்கள்?

வோர்லி கோலிவாடா, கோட்டைக்குக் கீழே இருக்கும் பழைய மீனவர் குப்பம். கோலி மக்கள் இந்த ஊரின் ஆதிக் குடிகள். ஏழு தீவாக இருந்த காலத்திலிருந்தே இங்கே இருப்பவர்கள். கோஸ்டல் ரோடு சீ லிங்க்கைத் தொடும் இடம் இவர்கள் படகுகள் கடலுக்குப் போகும் வாசலுக்குக் குறுக்கே விழுந்தது. இரண்டு தூணுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி போதும் என்று வரைபடம் சொன்னது. போதாது என்றார்கள் மீனவர்கள். 160 மீட்டர் கேட்டார்கள். படகுகளை நிறுத்தி வேலையை மறித்தார்கள்.

எனக்கும் முதலில் புரியவில்லை. 60 மீட்டர் என்றால் இருநூறு அடி, ஒரு படகு போகப் போதாதா? ஒரு நாள் கிளீவ்லாண்ட் பந்தர் ஜெட்டியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். பின்னால் மூங்கில் கழிகளில் பொம்பில் மீன் வரிசையாகத் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூணாக நிமிர்த்தி நடுவே தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டினார். "ரோட்டில் வண்டி நேராகப் போகும் காகா, கடலில் படகை அப்படி ஓட்ட முடியுமா? அலை பக்கவாட்டில் தள்ளும், எதிரே இன்னொரு படகு வரும், கீழே பாறை." அதற்கு மேல் பேசவில்லை. மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

2022 கடைசியில் நடுவில் வர வேண்டிய ஒரு தூணை எடுத்துவிட்டு இடைவெளியை 120 மீட்டராக்க அரசு ஒத்துக்கொண்டது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் இப்போது நீங்கள் பார்க்கும் வில் போன்ற இரும்புப் பாலம். முதல் வில் 136 மீட்டர் நீளம், 2,000 டன். மிதவையில் ஏற்றிக் கடல் வழியாகக் கொண்டுவந்து, கடல் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கணக்குப் பார்த்து 2024 ஏப்ரல் 26 அதிகாலையில் பொருத்தினார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாரும் அந்த வில்லைத்தான் எடுக்கிறார்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம் அந்தக் குப்பத்து ஆட்களின் பிடிவாதம் என்பது படத்தில் தெரியாது.

இடைவெளி கிடைத்துவிட்டது, சரி. கரையோரப் பாறைகளில் சிப்பி எடுத்தவர்கள், நண்டு பிடித்தவர்கள் இருந்த இடம் போனது போனதுதான்.

பவளப்பாறையைப் பெயர்த்து வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. மும்பைக் கடலில் பவளமா என்று எனக்கே ஆச்சரியம்தான். ஹாஜி அலி, வோர்லி பக்கப் பாறைகளில் ஒட்டியிருந்த 18 பவளக் குடும்பங்களை 2020-ல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு பெயர்த்து வேறு இடத்தில் ஒட்டினார்கள். இப்படிப்பட்ட உயிர்கள் இங்கே இருப்பதை ஊருக்குத் தெரியவைத்ததில், கடல் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே குனிந்து பார்த்துப் படம் எடுத்த தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எவ்வளவு செலவு? டோல் எவ்வளவு?

ஏறக்குறைய 14,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 1,300 கோடிக்கு மேல். டோல் கிடையாது. சீ லிங்க்கில் ஏறினால் அங்கே தனியாகக் கட்ட வேண்டும்.

என் பைக்கில் போகலாமா?

முடியாது. பைக், ஸ்கூட்டர், ஆட்டோ, சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. சரக்கு வண்டிக்கும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். நானும் வரி கட்டுகிற ஆள்தான், என் ஸ்கூட்டர் பழைய பெடர் ரோடு வழியாகவே போகிறது. வண்டி வைத்திருக்கிறவர்களில் இருசக்கரக்காரர்கள்தான் அதிகம், அவர்களுக்கு இந்தச் சாலை ஜன்னல் வழியாகப் பார்க்கிற கல்யாணச் சாப்பாடு.

பஸ் உண்டா?

2024 ஜூலையில், நகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனம் ஒரு ஏசி பஸ்ஸை இந்த வழியில் விட்டது. பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கப்படும் என்று திட்டத்தின் ஆரம்ப நாட்களில் பேசினார்கள். எட்டுத் தடத்தில் ஒன்றைப் பிரித்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டிருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

சரி, நேரம் மிச்சமாகிறதா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஆகிறது. முக்கால் மணி நேரம் ஆன இடத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நேரத்தில் 70 சதவீதமும் எரிபொருளில் 34 சதவீதமும் மிச்சம் என்பது மாநகராட்சியின் கணக்கு. போன மாதம் ஒரு மாலை நேரம் மரீன் லைன்ஸில் டாக்சி பிடித்து பாந்த்ரா போனேன். சுரங்கத்தில் நுழைந்தது தெரியும், வோர்லி வந்தது தெரியவில்லை. டிரைவர் ஜோன்பூர்க்காரர். பெடர் ரோட்டில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போயே விட்டது, இந்த ரோடு வந்ததும்தான் முட்டிக்கு ஓய்வு என்றார். சீ லிங்க்கைத் தாண்டி பாந்த்ரா ரெக்ளமேஷனில் இறங்கினோம். முன்னால் சிவப்பு விளக்குகள், கண்ணுக்கு எட்டிய மட்டும். முட்டியைத் தடவிக்கொண்டே கிளட்சை மிதித்தார்.

சுருக்கமாகச் சொன்னால், சாலைக்குள் நெரிசல் இல்லை. வாசலில் இருக்கிறது. வாசல் நகர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது வருடமாக போரிவலியிலிருந்து சர்ச்கேட் ஃபாஸ்ட் லோக்கலில் போய்வந்தவர். ரோடு திறந்ததும், "இனிமே கார்லயே போயிடலாம்பா" என்று வாரத்தில் மூன்று நாள் கார் எடுக்கிறார். அவர் வசதிக்கு எடுக்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் போட்டது புதிதாக ஒரு கார். பழைய ரோட்டிலிருந்து நகர்ந்து வந்த கார் இல்லை. ரோடு நன்றாக இருப்பதாலேயே வரும் கார்கள் இவை. போக்குவரத்து ஆய்வாளர்கள் எத்தனையோ ஊர்களில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: தடம் கூடக் கூட வண்டியும் கூடும், சில வருடத்தில் பழைய நிலை. இங்கே அது எப்போது நடக்கும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த ஊரில் லோக்கல் ரயிலில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது லட்சம் பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள். கோஸ்டல் ரோடு அவர்களில் ஒருவருக்குக்கூட உட்கார இடம் தரவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், கஃப் பரேடிலிருந்து ஆரே வரை பூமிக்கடியில் 33.5 கிலோமீட்டருக்கு மெட்ரோ 3 முழுசாக ஓட ஆரம்பித்திருக்கிறது, 2025 அக்டோபரில். நெரிசலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதையும் ஒரு கண் பார்க்க வேண்டும்.

கிழக்குப் பக்கம், செம்பூர், காட்கோபர் ஆட்களுக்கு இந்த ரோட்டால் பெரிய பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கு 2013-ல் வந்த ஈஸ்டர்ன் ஃப்ரீவே. இரண்டையும் இணைக்க ஆரஞ்சு கேட்டிலிருந்து மரீன் டிரைவுக்கு இன்னொரு சுரங்கம் வேலையில் இருக்கிறது. கிழக்கு மேற்காகக் குறுக்கே போவதுதான் இந்த ஊரின் தீராத வியாதி, கோஸ்டல் ரோடு அதற்கு மருந்தும் இல்லை.

கடலைத் தூர்த்தால் கடல் சும்மா இருக்குமா?

என் மைத்துனி கேட்ட கேள்வி, கன்னியாகுமரிக்காரி. சுனாமியைப் பார்த்தவள்.

மும்பையே தூர்த்த ஊர்தான். ஹாஜி அலி தர்காவுக்கு எதிரே போகும் ரோடு இருக்கிறதே, அது 1780-களில் மகாலட்சுமிக்கும் வோர்லிக்கும் நடுவே கடலை மறித்துக் கட்டிய ஹார்ன்பி வெல்லார்ட் என்ற கரை. அந்தக் கரை இரண்டு முறை இடிந்து விழுந்ததாம். கட்டிய பொறியாளர் கனவில் தேவி வந்து, கடலுக்கடியில் கிடக்கிறேன், எடுத்து வை என்றாளாம். எடுத்து வைத்த பிறகு கரை நின்றது, அதுதான் இன்றைய மகாலட்சுமி கோயில் என்று கதை. கோஸ்டல் ரோடு அந்தக் கரைக்கும் வெளியே போகிறது.

மரீன் டிரைவும் தூர்த்ததுதான். அந்தப் பேக்பே திட்டத்தில் 1920-களில் நடந்த முறைகேடுகளைத் தட்டிக் கேட்டவர் கே.எஃப். நாரிமன் என்ற வழக்கறிஞர். பின்னால் கடலைத் தூர்த்து எடுத்த ஒரு முனைக்கே அவர் பெயரை வைத்து நாரிமன் பாயின்ட் ஆக்கிவிட்டார்கள். இந்த ஊரின் நகைச்சுவை அப்படி.

இப்போது கரையோரம் பெரிய பாறைகளை அடுக்கிக் கடல் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் நான்கரை மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே பட்டியல் போட்டு வெளியிடும். அந்த நாட்களில் அந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது என்பதை வருடக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நடந்து போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், இலவசம். கடல் பக்கம் 5.25 கிலோமீட்டர் நடைபாதையை 2025 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிட்டார்கள். அதே சமயத்தில்தான் சாலையும் 24 மணி நேரம் ஆனது. ஆரம்பத்தில் வார நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரைதான் விட்டார்கள். நடைபாதைக்குச் சாலைக்கு அடியில் போகும் சுரங்க வழியாகத்தான் போக வேண்டும், மேலே குறுக்கே ஓடாதீர்கள். தலைக்கு மேல் எண்பதில் கார் போகிற சத்தம் கேட்கும், படி ஏறினால் சட்டென்று உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். மருமகன் அந்தப் படியில் நின்றுகொண்டு மூன்று முறை இறங்கி ஏறினான். நிழல் குறைவு. வைத்த மரங்கள் இன்னும் இடுப்பளவு. மாலை ஐந்துக்கு மேல் போங்கள்.

வேகக் கட்டுப்பாடு?

நேர்ப் பாதையில் 80, சுரங்கத்தில் 60, ஏறி இறங்கும் வளைவுகளில் 40. கேமரா இருக்கிறது. இரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் பணக்காரப் பையன்களால் தூக்கம் போகிறது என்று பிரீச் கேண்டிக்காரர்கள் புலம்புகிறார்கள்.

வடக்கே இன்னும் நீளுமா?

நீள்கிறது. பாந்த்ராவிலிருந்து வெர்சோவாவுக்குக் கடல் பாலம் கட்டுகிறார்கள். அங்கிருந்து தஹிசர், பாயந்தர் வரை மாநகராட்சியின் அடுத்த கட்டம். அங்கே கடலோரம் பாறை இல்லை, அலையாத்திக் காடு. 45,000-க்கும் மேற்பட்ட அலையாத்தி மரங்கள் இருக்கும் நிலத்தில் வேலை செய்ய பாம்பே ஹைகோர்ட் 2025 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. எல்லாவற்றையும் வெட்ட மாட்டோம், பெரும்பகுதியை மீட்டு வளர்ப்போம் என்கிறது மாநகராட்சி. 2005 ஜூலை வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு அலையாத்தி மரம் வெள்ளத்துக்கு எப்படி அரண் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சென்னைக்கும் இப்படி ஒன்று வருமா?

கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரைக்குக் கடல் பாலம் போட ஆய்வு செய்வோம் என்று 2024-ல் சட்டமன்றத்தில் சொன்னார்கள். திருவான்மியூர்–உத்தண்டி உயர்மட்டச் சாலை வேறு, அது ஈசிஆருக்கு மேலேயே போவது.

ஒன்றை மட்டும் சொல்வேன். மும்பையின் மேற்குக் கரை கருங்கல் மாதிரிப் பாறை. சென்னைக் கரை மணல், அதுவும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். துறைமுகச் சுவர் ஒன்று அதை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. அங்கே கடலில் எதை நட்டாலும் மணல் வந்து விசாரித்துவிட்டுத்தான் போகும். அடையாறு முகத்துவாரம், ஆமைகள் முட்டையிடும் பெசன்ட் நகர் மணல், நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் எல்லாம் வழியில் இருக்கின்றன. மும்பையில் 60 மீட்டரை 120 ஆக்க ஒரு குப்பம் படகோடு மறிக்க வேண்டியிருந்தது. வரைபடம் போடும் முன்பே போய்க் கேட்டால் படகு மிச்சம்.

ஒரே ஒரு தடவைதான் போக நேரம். எந்தப் பக்கம், எப்போது?

மரீன் டிரைவிலிருந்து வடக்கே போங்கள், தெற்கே வராதீர்கள். வடக்கே போகும் தடம்தான் கடலை ஒட்டி இருக்கிறது. டாக்சியில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைய அரை மணி முன்பு கிளம்பினால் சரியாக இருக்கும். சுரங்கத்தில் ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் கத்தட்டும். பிரியதர்ஷினி பார்க்கில் வெளியே வந்ததும் கண் கூசும். ஹாஜி அலி தர்காவும் இடது பக்கம்தான் வரும். வில் பாலத்தில் ஏறும்போது கீழே பாருங்கள், படகு ஏதாவது உள்ளே திரும்பிக்கொண்டிருக்கும்.